கழிவு போக

1

இந்தக் கதை என் இடது முழங்காலில் தொடங்கியது. பெருமையாகச் சொல்லிக்கொள்ளும்படியான இடம் இல்லைதான். ஆனால் குன்னூரில் வயதாகிறவனுக்கு மூட்டுவலி வருவது மேட்டுப்பாளையத்தில் கொசு கடிப்பது மாதிரி. தனியாகக் காரணம் கேட்கக்கூடாது. எலாஸ்டிக் உறை ஒன்று வாங்கிப் போடுங்கள் என்றார் டாக்டர். அதை வாங்க ஜூலை மழையில் குடை பிடித்துக்கொண்டு தனசிங் சர்ஜிக்கல்ஸுக்குப் போனேன். அங்கே ஒரு அம்மாவும் மகளும் மூச்சுக்கு உதவும் இயந்திரம் ஒன்றுக்கு விலை கேட்டுக்கொண்டிருந்தார்கள். கடைக்காரர் ஒரு விலை சொன்னார். ஃபோனில் வேறொரு விலை இருந்தது. இரண்டுக்கும் நடுவில் முப்பத்திரண்டாயிரத்து ஐந்நூறு ரூபாய்ப் பள்ளம்.

நான் ஓரமாக நின்று பார்த்தேன். அவ்வளவுதான் என் பங்கு.

[இந்தக் கடைசி வாக்கியத்தைப் பென்சிலால் கோடிட்டு வைத்துக்கொள்ளுங்கள். நானும் வைத்திருக்கிறேன்.]

எழுதுகிறவன் என்று என்னைச் சொல்லிக்கொள்ள ஆதாரமாக இரண்டு தொகுப்புகள் உண்டு. இரண்டாவதில் விற்காத பிரதிகள் கட்டிலுக்கு அடியில் அடுக்கியிருக்கின்றன. மழைக்காலத்தில் தரையின் ஈரம் மெத்தைக்கு ஏறாமல் காக்கின்றன. இலக்கியத்தால் பயனில்லை என்று யாராவது சொன்னால் வீட்டுக்கு அழைத்து வந்து காட்டுவேன்.

2

முதல் தொடக்கம் இப்படி இருந்தது:

பனி இறங்கிய காலைப் பொழுதில் தேயிலைச் சரிவுகள் பச்சைக் கம்பளம் விரித்தாற்போல—

[நிறுத்தினேன். நீலகிரியைப் பற்றி எழுத உட்காரும் எவனுக்கும் கை தானாகக் கம்பளத்தை விரித்துவிடுகிறது. அந்தக் கம்பளத்தில் அட்டைக்கடியோடு முப்பத்துநான்கு வருஷம் கொழுந்து எடுத்த ஒருத்தி இந்தக் கதையில் வருகிறாள். அவள் முன்னால் விரிக்க வெட்கமாக இருந்தது.]

இரண்டாவது தொடக்கம்:

ஒரே பொருளுக்குக் கடையில் ஒரு விலையும் ஆன்லைனில் ஒரு விலையும் இருப்பது ஏன் என்பதைப் பொருளியல் நோக்கில்—

[பொருளியல் எனக்கு ஆகாது. ப்ளஸ் டூவில் அந்தப் பாடத்தில் தேறியதே விடைத்தாள் திருத்தியவரின் கருணை.]

மூன்றாவது:

பழனியாண்டிக்கு மூச்சு முட்டியது.

இது நிற்கட்டும். கதை மொத்தமும் இவ்வளவுதான். நடுவில் நான் விலையைப் பற்றியும் என்னைப் பற்றியும் எதையாவது அளந்துகொண்டிருந்தால், அந்த நேரமெல்லாம் ஒரு மனிதர் மூச்சுக்குத் திணறிக்கொண்டிருக்கிறார் என்பதை நீங்கள் மறக்கக்கூடாது. நான் மறந்துவிடுகிற ஆள்.

பழனியாண்டி பிக்கட்டிக்கு அப்பால் ஒரு எஸ்டேட்டின் தேயிலை ஃபேக்டரியில், டிரையர் பக்கத்தில், முப்பத்தொரு வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். டிரையர் என்பது தேயிலையை அனலில் காயவைக்கிற எந்திரம். அங்கே பறக்கிற தூசியில் பாதி சாக்குக்குப் போகும், மீதி நிற்கிறவன் நெஞ்சுக்குப் போகும். அவர் மனைவி தெய்வம்மா. பத்து வயதில் இலங்கையில் பதுளைப் பக்கத்திலிருந்து பெற்றோருடன் கப்பலேறி வந்தவள்; ஐம்பது வருஷம் ஆன பிறகும் லைன் வீட்டை 'லயம்' என்றுதான் சொல்வாள். ஒரே மகள் கோகிலவாணி. இருபத்தாறு வயது. ஊட்டியில் ஹோம்மேட் சாக்லெட் விற்கும் கடையில், வருகிற டூரிஸ்டுகளுக்கெல்லாம் துண்டு வெட்டிக் கொடுத்து, ருசி பார்க்கச் சொல்லி, வாங்காமல் போகிறவர்களைப் பார்த்துச் சிரிக்கிற வேலை. மாதம் பதினோராயிரம்.

அப்பாவை ஒரு வாரம் ஆஸ்பத்திரியில் வைத்திருந்து வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார். காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துக் கொடுக்கிற கரண்ட் பெட்டி ஒன்று வாங்கணும். நிமிஷத்துக்கு ஐந்து லிட்டர் தருகிற மெஷின். மூன்றில் வைத்து, நாளைக்குப் பதினாறு மணி நேரம்.

அந்தச் சீட்டோடுதான் அம்மாவும் மகளும் தனசிங் கடைப் படியேறினார்கள்.

3

கடை வாசலில் ஒரு போர்டு தொங்கும். 'ஆன்லைனில் வாங்கிய பொருட்களுக்கு இங்கே சர்வீஸ் கிடையாது.' கிடையாது என்பதில் துணைக்கால் அழிந்து 'கிடையது' என்று இருக்கும். எத்தனை தடவை சொல்லியும் தனசிங் அதைத் திருத்தவில்லை. "படிக்கிறவனுக்குப் புரியுதுல்ல சார்? எழுத்து சரியா இருந்தா மட்டும் கேக்கவா போறான்?" என்பார்.

கோகிலவாணி சீட்டை நீட்டினாள். அவர் மேல் தட்டிலிருந்த பெட்டி ஒன்றைக் காட்டினார்.

"என்ன வெலைங்கண்ணா?"

"அம்பத்திநாலாயிரம். ஸ்டெபிலைசரோட."

கோகிலவாணி வாயைத் திறப்பதற்குள் அம்மா முந்திக்கொண்டாள்.

"கழிவு என்ன தருவீங்க தம்பி?"

தனசிங் நிமிர்ந்து பார்த்தார். "கழிவா? ஏம்மா, இது கம்பெனி டப்பா. சீல்கூடப் பிரிக்கல. கழிச்சுக் கட்டுன மாலெல்லாம் நான் விக்கிறதில்ல."

"புதுசுதான் தம்பி. புதுசுலதான் கழிவு கேக்குறேன்."

"புதுசுல எப்படிம்மா கழிவு இருக்கும்?"

"ஏன் இருக்காது? ரொக்கமாத் தந்தாக்கூட கழிவு இல்லியா ஒங்க கடையில?"

"முப்பது வருஷமா கடை வெச்சிருக்கேன். கழிவு மாலு விக்கிறான்னு ஒருத்தர் சொன்னதில்ல, தெரியுமா?"

"கோவப்படாதீங்க தம்பி. நூறு எரநூறாவது கழிவு…"

"யம்மா!" என்று கோகிலவாணி அவள் முழங்கையைப் பிடித்து இழுத்தாள்.

அப்போது, கடையில் குடையோடு நின்றிருந்த ஒருவர் வாய்விட்டுச் சிரித்தார். தெய்வம்மா கேட்பது தள்ளுபடியை என்று விளக்கினார். இலங்கையில் தள்ளுபடியைக் கழிவு என்றுதான் சொல்வார்கள், அங்கே கடைக்குக் கடை 'விசேஷ கழிவு' என்று போர்டு தொங்கும் என்றார். தமிழ்ச் சொற்களைப் பற்றி மேலும் இரண்டு தகவல்களையும் யாரும் கேட்காமலே வழங்கினார்.

தனசிங்குக்கு முகம் சிவந்துவிட்டது. தப்பாகப் புரிந்துகொண்டதைவிட, அதற்கு ஒருவர் சிரித்ததுதான் உறைத்தது. "கழிவும் இல்ல, தள்ளுபடியும் இல்ல. அம்பத்திநாலு" என்றார்.

குடைக்காரருக்கு வெற்றிக் களிப்பு இன்னும் தீரவில்லை. ஃபோனை எடுத்துத் தேடினார். கோகிலவாணி பக்கம் நீட்டினார்.

"ஏனுங்க, இதப் பாருங்க. அறுவது சதம் கழிவு! இருபத்தோராயிரத்து ஐந்நூறுதான். அதுவும் அஞ்சு லிட்டர் இல்ல, ஏழு லிட்டர்."

"அது வேற சாமான் சார்" என்றார் தனசிங்.

"மெஷின் மெஷின்தானே தனசிங்?"

"வேற சாமான்னா வேற சாமான்." அவர் பில் புத்தகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஏழு பெரிதா, ஐந்து பெரிதா? குக்கர் வாங்கினாலும் தண்ணீர்க் குடம் வாங்கினாலும் லிட்டர் கூடினால் விலையும் கூடும். இங்கே லிட்டர் கூடி விலை பாதிக்கும் கீழே வந்திருக்கிறது. கோகிலவாணி அந்தப் பக்கத்தைத் தன் ஃபோனுக்கு அனுப்பி வாங்கிக்கொண்டாள். "ரொம்ப தேங்க்ஸுங்கண்ணா" என்றாள். இருந்தாலும் ஒரு மரியாதைக்கு, தனசிங் விலை எழுதிக் கொடுத்த கடைச் சீட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள்.

4

குடைக்காரர் என்ற பாத்திரம் எனக்குத் திருப்தியாக இல்லை.

அவரை எடுத்துவிட்டால் என்ன? கோகிலவாணி தானே ஃபோனில் தேடிக் கண்டுபிடித்ததாக எழுதலாம். அந்த வயதுப் பெண்ணுக்குத் தெரியாதா? எழுதியும் பார்த்தேன். கதை கச்சிதமாக நடந்தது. அப்புறம் அவரைப் பருமனானவராக, தங்கப் பல் கட்டியவராக, பார்த்ததும் வாசகருக்குப் பிடிக்காதவராக மாற்றிப் பார்த்தேன். ஒரு பிரதியில் மீசைகூட வைத்தேன்.

மீசையை எடுத்துவிடுகிறேன். குடையையும் மடித்து வைக்கிறேன். அது நான்தான். ஓரமாக நின்று பார்த்தவன் ஒருவனும் அந்தக் கடையில் இல்லை.

(பென்சில் கோட்டை இப்போது அழித்துவிடலாம்.)

இந்த விலைப் பள்ளத்தைப் பற்றிப் பிறகு விசாரித்தேன். பிறகு விசாரிப்பதில் நான் கெட்டிக்காரன். உண்மையில் அங்கே இருந்தவை இரண்டு பள்ளங்கள். நான் ஒன்றாகப் பார்த்துவிட்டேன். தனசிங் வைத்திருந்த அதே கம்பெனியின் அதே மெஷின் ஆன்லைனில் நாற்பத்தெட்டாயிரத்துக்குக் கிடைத்தது. அந்த ஆறாயிரத்தைப் பற்றி நாம் சண்டை போடலாம். கேட்டபோது தனசிங் மறைக்கவில்லை: "எனக்கும் லாபம் இருக்கு சார், நான் என்ன சர்ச்சா நடத்துறேன்?" மழைக்காலத்தில் யாருக்கு எப்போது தேவைப்படுமோ என்று மூன்று மெஷின்களை வாங்கி முடக்கி வைத்திருக்கிறார். லயத்துக்கு வருகிற கரண்ட் மூக்கால் அழுகிற கரண்ட், அதற்கு ஸ்டெபிலைசர். கரண்ட் போனால் சுவாசிக்க ஒரு சிலிண்டர் இரவல். ஜீப்பில் வந்து பொருத்தி, எத்தனையில் வைக்கணும் என்று சொல்லிக் கொடுத்து, மாதம் ஒருமுறை மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டுப் போவார். அட்டைப் பெட்டிக்குள் வைத்து அனுப்ப முடியாத சாமான்கள் இவை. வேண்டாம் என்கிறவருக்கு அந்த ஆறாயிரம் மிச்சம், நியாயம்தான்.

ஆனால் நான் காட்டிய இருபத்தோராயிரத்து ஐந்நூறு வேறு சங்கதி. அது வேற சாமான். ஒன்றில் வைத்தால் சுத்தமான ஆக்சிஜன் ஒரு லிட்டர் வரும். ஏழில் வைத்தாலும் உள்ளே பிரிகிற ஆக்சிஜன் அதே அளவுதான். மீதிக்கு வெளிக்காற்றைக் கலந்து ஊதும். வேகம் கூடும், சத்தம் கூடும், ஆக்சிஜன் கூடாது. இதை விற்கிறவர்கள் மறைக்கவில்லை. விற்பனைப் பக்கத்தின் நான்காவது படத்தில், கடைசி வரியில், கடுகு எழுத்தில் போட்டிருந்தது.*

* வாசிப்பதே தொழில் என்று சொல்லிக்கொள்கிறவன் முதல் படத்தைத் தாண்டவில்லை.

தனசிங் ஏன் அன்றைக்கே இதை விளக்கவில்லை? கேட்டேன். "நூறு பேருக்குச் சொல்லியாச்சு சார். வியாபாரம் போகுதேன்னு சொல்றான்னுதான் நெனைப்பாங்க. அதுவும் நீங்க சிரிச்ச பெறகு…" என்றார். அதை முடிக்கவில்லை. நானும் முடிக்கச் சொல்லவில்லை.

5

லயம் இருக்கும் பின்கோடுக்கு டெலிவரி கிடையாது என்று வந்தது. கோகிலவாணி சாக்லெட் கடை விலாசத்தைக் கொடுத்தாள். ஐந்தாம் நாள் பெட்டி வந்தது. மஞ்சூர் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டே வீட்டுக்குக் கொண்டுபோனாள். எவ்வளவு லேசாக இருக்கிறது என்று சந்தோஷப்பட்டாள். தனசிங் கடையிலிருந்த மெஷின் பதினாறு கிலோ; தூக்க இரண்டு ஆள் வேண்டும். இது பச்சைக் குழந்தை மாதிரி இருந்தது.

பழனியாண்டிக்கு மூக்கில் குழாயை மாட்டி மூன்றில் வைத்தாள். மெஷின் உறுமியது.

"டிரையர் சத்தமாட்டவே இருக்கு" என்றார் அவர். "ரிட்டையர் பண்ணியும் ஓவர்டைம் போட்டுட்டானுங்க பாரு."

"பேசாம மூச்ச இழுங்கப்பா."

"சம்பளம் உண்டான்னு கேளு பாப்பா."

தெய்வம்மா சிரித்தாள். வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டு ரொம்ப நாளாகியிருந்தது. அன்றைக்கு அவர் இரண்டு இட்லி சாப்பிட்டார். கோகிலவாணி, கடையில் கிடைத்த உடைசல் சாக்லெட்டில் ஒரு துண்டை அவர் வாயில் போட்டாள். மிச்சமான முப்பத்திரண்டாயிரத்து ஐந்நூறும் அவளிடம் இருந்ததே இல்லை. கடன் வாங்கியிருக்க வேண்டிய பணம். ஆனாலும் அதை மிச்சம் பிடித்துவிட்டதாக அவளுக்கு ஒரு நிம்மதி.

மூன்றாம் நாள் அவர் நகம் நீலம் பாரித்தது. விரலில் மாட்டிப் பார்க்கிற கருவி எண்பத்தாறு காட்டியது. தொண்ணூறுக்குக் குறையக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். கோகிலவாணி ஐந்தில் வைத்தாள். மெஷின் இன்னும் சத்தமாக உறுமியது. மறுநாள் எண்பத்துநான்கு. ஏழில் வைத்தாள்.

அவள் வேலைக்குப் போகும்போது அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனாள்: "யாரு வந்து கொறைக்கச் சொன்னாலும் கொறைக்காதீங்கம்மா. ஏழுலயே இருக்கட்டும்."

[இந்த இடத்தில் நான் கதைக்குள் புகுந்து அந்தத் திருகைத் திருப்பலாமா என்று யோசித்தேன். எழுதுகிறவனுக்கு அந்த அதிகாரம் உண்டு என்கிறார்கள். ஆனால் எத்தனையில் வைப்பது? எத்தனையில் வைத்தாலும் அது அவ்வளவுதான். பொய் சொன்னது திருகு இல்லை.]

ஆன்லைன் கம்பெனிக்கு எழுதிக் கேட்டாள். 'உங்கள் திருப்தியே எங்கள் மகிழ்ச்சி. 48 மணி நேரத்தில் தொடர்புகொள்கிறோம்' என்று பதில் வந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றால், "மறுபடியும் அந்தப் படுக்கைக்கா? நான் வல்ல" என்று பழனியாண்டி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

ஒன்பதாம் நாள், பையில் மடித்து வைத்திருந்த கடைச் சீட்டின் அடியிலிருந்த நம்பருக்கு அடித்தாள். "அண்ணா, பிக்கட்டி எஸ்டேட் லயத்துலருந்து கோகிலவாணி பேசுறேங்க, ஆன்லைன்ல வாங்குன மெஷினுங்க. ஏழுல வெச்சும் எண்பத்திரண்டுதான் காட்டுதுங்க."

"போர்டு பாத்தீங்களா இல்லியா?" என்றார் தனசிங். ஃபோனை வைத்துவிட்டார்.

6

மறுநாள் காலை பத்து மணிக்கு லயத்து வாசலில் அவர் ஜீப் வந்து நின்றது.

ஏன் வந்தார்? மூன்று காரணங்கள் எழுதிப் பார்த்தேன். மனசாட்சி உறுத்தியது என்றொன்று. அது பிரசங்கம்போல இருந்தது. 'நான் சொன்னேன்ல' என்று நிரூபிக்க வந்தார் என்றொன்று. கொஞ்சம் உண்மை இருக்கலாம். இரண்டாயிரம் மீட்டர் மேட்டில், சும்மாவே காற்று மெலிந்த ஊரில், எண்பத்திரண்டு என்றால் என்ன என்று தெரிந்த ஒரே கடைக்காரர் அவர்; அந்த நம்பரைக் காதில் வாங்கிய பிறகு அவரால் கடையில் உட்கார முடியவில்லை என்றொன்று. தெய்வம்மா கேட்டபோது அவரே சொன்ன காரணம்: "இந்தப் பக்கம் ஒரு ஜோலி. போற வழில வந்தேன்." அந்த லயம் எந்த வழியிலும் இல்லை. ரோடு அங்கேயே முடிகிறது.

(அந்தக் காலையைப் பற்றித் தனசிங் என்னிடம் சொன்னது நான்கைந்து வாக்கியங்கள்தான். மற்றவை நான் நிரவியவை.)

அவர் சட்டைப் பையிலிருந்து, ஆக்சிஜன் எத்தனை சதம் என்று காட்டும் சின்ன மீட்டர் ஒன்றை எடுத்துக் குழாயில் பொருத்தினார். ஏழில் வைத்துப் பார்த்தார். முப்பத்தொன்று. சும்மா கிடக்கிற காற்றிலேயே இருபத்தொன்று உண்டு. ஒன்றில் வைத்தார். எண்பத்தொன்பது. மறுபடி ஏழில் வைத்தார். மறுபடி முப்பத்தொன்று.

"என்னங்கண்ணா?" என்றாள் கோகிலவாணி. அன்றைக்கு லீவு போட்டிருந்தாள்.

அவர் வார்த்தைக்குத் தடுமாறினார். லிட்டர் என்றார், சதவீதம் என்றார், கலப்பு என்றார். அவளுக்கு ஒன்றும் ஏறவில்லை. கதவோரம் நின்றிருந்த தெய்வம்மாவுக்கு ஏறிவிட்டது.

"ஈரக் கொழுந்து" என்றாள்.

"என்னம்மா?"

"மழையில கொழுந்தெடுத்துச் சாக்கு ரொப்பிக்கிட்டுப் போனா, தராசுல முப்பது கிலோ காட்டும் தம்பி. பாக்குறதுக்கு நல்லாத்தான் இருக்கும். கணக்குப்புள்ள தண்ணிக்கு ஏழு கிலோ கழிச்சுட்டு இருவத்திமூணுதான் எழுதுவான். அது மாதிரிதானே இது? காட்டுறது ஏழு." மெஷினைப் பார்த்தாள். "கழிவு போக எவ்வளவு தம்பி நிக்கும்?"

இந்தத் தடவை அந்தச் சொல் தனசிங்குக்கு ஒரே கேள்வியில் புரிந்தது.

"ஒண்ணுகூட நிக்காதும்மா" என்றார். பழனியாண்டிக்கு வேண்டியது மூன்று.

ஜீப்பிலிருந்து பெரிய சிலிண்டரை இறக்கினார்கள். பக்கத்து வீட்டு ஆள் ஒருவர் கை கொடுத்தார். மூன்றில் வைத்து அரை மணி நேரத்தில் விரல் கருவி தொண்ணூற்றொன்று காட்டியது. பழனியாண்டி கண்ணைத் திறந்து, வந்திருப்பது யார் என்று பார்த்தார். "தம்பிக்கு டீ போட்டியா?" என்று மனைவியைக் கேட்டார்.

"ரெண்டு நாளைக்கு வரும். அதுக்குள்ள ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிருங்க. இப்பவேன்னாலும் ஜீப் இருக்கு" என்றார் தனசிங்.

"இப்பத்தான் நல்லாருக்கேன். நாளைக்குப் போலாம்" என்றார் பழனியாண்டி. தூக்கம் வருகிறதென்றார். பத்து நாளாகத் தூங்காத மனிதர். யாருக்கும் எழுப்ப மனம் வரவில்லை.

7

மறுநாள் மழை விட்டிருந்தது. பகல் பதினோரு மணிக்கு, வாடகைக் கார் வந்து வாசலில் ஹாரன் அடித்தபோது, கோகிலவாணி அவரை எழுப்பினாள்.

சிலிண்டரில் பாதி மீதி இருந்தது.

[இந்தப் பகுதி முதலில் நான்கு பக்கம் இருந்தது. ஒவ்வொரு தடவை படிக்கும்போதும் என் வாக்கியங்கள் அழுகிற சத்தம் எனக்கே அருவருப்பாக இருந்தது. அழவேண்டியவர்கள் அங்கே அழுதுகொண்டிருந்தார்கள்.]

8

கருமாதி முடிந்து நான்கைந்து நாள் கழித்து கோகிலவாணி தனசிங் கடைக்கு வந்தாள். நான் அங்கே இருந்தேன். ஏன் இருந்தேன் என்பதையும் சொல்லித் தொலைக்கிறேன். முதல் தடவை போனபோது நான் மூட்டு உறையை அங்கே வாங்கவில்லை. முந்நூற்று இருபது ரூபாயா என்று ஆன்லைனில் நூற்று நாற்பதுக்கு வாங்கினேன். அது நடக்க நடக்க இறங்கிக் கணுக்காலில் வளையலாக நின்றது. வேறு வாங்கலாமென்று அந்தப் போர்டுக்குக் கீழே குனிந்து உள்ளே போயிருந்தேன். பழனியாண்டி இறந்த செய்தியை அப்போதுதான், கல்லாவுக்கு எதிரே ஸ்டூலில் உட்கார்ந்திருந்தபோது, தனசிங் சொல்லி முடித்திருந்தார்.

அவள் வாடகைக் காரில் சிலிண்டரை ஏற்றிக்கொண்டு வந்திருந்தாள். தோளில் ஒரு துணிப்பை. அதில் அந்த மெஷின். சிலிண்டர் வாடகை எவ்வளவு என்று கேட்டாள். தனசிங் அதெல்லாம் ஒன்றுமில்லை என்று கையை ஆட்டினார். அவள் போகாமல் நின்றாள்.

"அண்ணா, ஒண்ணு கேக்கணும்."

"கேளும்மா."

"மொதல்லயே உங்க மெஷின வாங்கியிருந்தா அப்பா இருந்திருப்பாருங்களா?"

அவர் கல்லா மேலிருந்த மீட்டரை எடுத்தார், வைத்தார். வெளியே ஒரு லாரி பின்னால் எடுத்துக்கொண்டிருந்தது. அந்த நேரத்தில் என் பங்குக்கு நான் சொல்லவேண்டிய வாக்கியம் ஒன்று இருந்தது.

அவர் என்ன சொன்னார்?

அ) "இல்லம்மா. அவரு நுரையீரல் அந்த நெலமையில இருந்துச்சு. எந்த மெஷின் வெச்சாலும் அவ்வளவுதான். பாதி சிலிண்டர் மீதி இருக்கும்போதே போயிட்டாரே." [இது கருணை. பொய்யாகவும் இருக்கலாம். உண்மையாகவும் இருக்கலாம்.]

ஆ) "இருந்திருப்பாரும்மா. இன்னும் ஒரு வருஷமாவது இருந்திருப்பாரு. அந்தப் பத்து நாள் நெஞ்சு தாங்கல." [இது உண்மையாக இருக்கலாம். இதைக் கேட்டுவிட்டு அவள் எப்படி அந்த வாடகைக் காரில் மறுபடி ஏறுவாள்?]

இ) "தெரியலம்மா. சத்தியமாத் தெரியல. ஆனா ஒண்ணு: ஏழுல வெச்சதால எதுவும் கெட்டுப்போகல. ஒண்ணுல வெச்சிருந்தாலும் அதேதான். கையி உன்னோடது, கோளாறு உன்னோடது இல்ல."

இந்த மூன்றில் ஒன்றை அவர் சொன்னார். நான் கேட்டேன். எதுவென்று எழுதமாட்டேன். கதைக்காக ஒளித்து விளையாடவில்லை. கோகிலவாணி படிக்கிற பெண். சாக்லெட் கடையில் ஆள் வராத நேரத்தில் கிடைத்ததையெல்லாம் படிப்பாள். ஒருநாள் இதுவும் அவள் கையில் கிடைக்கலாம். அந்தப் பதிலை மறக்கவோ, மாற்றி ஞாபகம் வைத்துக்கொள்ளவோ அவளுக்கு உரிமை இருக்கிறது. அச்சில் ஏற்றி நான் அதைக் கெட்டியாக்கக்கூடாது.

9

பதிலைக் கேட்டுவிட்டு அவள் என் பக்கம் திரும்பினாள்.

"நீங்கதானேங்கண்ணா அன்னிக்கு ஃபோன்ல காட்டுனது?"

நான் தயாராக வைத்திருந்தது நீளமான வாக்கியம். அதில் மன்னிப்பு இருந்தது, நான்காவது படம் இருந்தது, கடுகு எழுத்து இருந்தது. வெளியே வந்தது, "ஆமாங்க. நான்தான்."

"நல்லதுக்குத்தான் காட்டுனீங்க. வாங்குனது நான்தானுங்களே."

இல்லை, நல்லதுக்குக் காட்டவில்லை. கடைக்காரரை மட்டம்தட்டக் காட்டினேன். ஒரு சொல்லுக்கு அர்த்தம் தெரிந்த பெருமையில் காட்டினேன். இதை அப்போதே அவளிடம் சொன்னேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்.

"நீங்க எழுதுறவங்கன்னு இந்த அண்ணன் சொன்னாரு" என்றாள். "எனக்கு ஒண்ணு எழுதித் தரணுங்க."

ஃபோனை எடுத்து அந்தப் பக்கத்தைத் திறந்தாள். அதே மெஷின். இப்போது அறுபத்தைந்து சதம் கழிவு. கீழே, வாங்கியவர்கள் கருத்து எழுதுகிற கட்டம். 'இந்தப் பொருள் உங்களுக்கு எப்படிப் பயன்பட்டது?'

"ரெண்டு நாளா எழுதிப் பாக்குறேன். ஆரம்பிச்சா அப்பாவப் பத்தியே வருது. அழிச்சுர்றேன். அப்பா வேணாங்க. அவர எதுக்கு அங்க கொண்டுபோயி…" நிறுத்தினாள். "வாங்கப் போறவங்களுக்குத் தெரியணும். அவ்வளவுதான்."

நான் ஃபோனை வாங்கித் தட்டெழுதத் தொடங்கினேன். 'உயர்ந்த மலைப் பகுதிகளில் வசிக்கும் நோயாளிகளின் தேவைக்கு இக்கருவி—' அழித்தேன். 'லிட்டர் கணக்கை மட்டும் நம்பி ஏமாறாதீர்கள், ஏனெனில்—' அழித்தேன். இரண்டு தொகுப்பு போட்டவன். தனசிங் எட்டிப் பார்த்து, "சின்னதாப் போடுங்க சார், யாரும் கீழவரைக்கும் படிக்க மாட்டான்" என்றார். அதைச் சொல்ல அவருக்கு முழு உரிமை இருந்தது.

கடைசியில் அவளே சொன்னாள். "ஏழுன்னு போட்டிருக்கும், ஏழு இல்ல. மூணுகூட இல்ல. மூச்சு முட்டுறவங்களுக்கு வாங்காதீங்க. இப்படியே போடுங்க."

அப்படியே போட்டேன். ஒரு எழுத்தும் மாற்றவில்லை. நான் எழுதியதில் இதுவரை திருத்தம் தேவைப்படாத ஒரே பகுதி அது; அதுவும் என்னுடையது இல்லை.

பொத்தானை அழுத்தினேன். போகவில்லை. சிவப்பில் ஒரு வரி வந்தது: 'தயவுசெய்து நட்சத்திர மதிப்பீட்டைத் தேர்ந்தெடுக்கவும்.' ஐந்து வெற்று நட்சத்திரங்கள் வரிசையாக நின்றன.

"ஒண்ணாவது குடுத்தாத்தான் உள்ள விடுமுங்க" என்றேன்.

"ஒண்ணும் குடுக்காம போட முடியாதுங்களா?"

"முடியாது."

அவள் ஃபோனை வாங்கிக்கொண்டாள். முதல் நட்சத்திரத்துக்கு மேலே அவள் விரல் நின்றது. "ஒண்ணு குடுத்தாலும் குடுத்த மாதிரிதானுங்களே" என்றாள். கொடுக்காவிட்டால் அந்தப் பக்கத்தை இப்போது எங்கேயோ பார்த்துக்கொண்டிருக்கிற இன்னொரு வீட்டுக்கு ஒன்றும் தெரியப் போவதில்லை. அதுவும் அவளுக்குத் தெரியும். திரை மங்கியது, விரலால் தட்டி எழுப்பினாள். மறுபடி மங்கியது, மறுபடி எழுப்பினாள்.

"எனக்கு முடியலீங்கண்ணா" என்று ஃபோனை என்னிடம் நீட்டினாள்.

நான் வாங்கிக்கொண்டேன். அதை உங்களிடம் நீட்டுகிறேன். அந்த மூன்று வாக்கியமும் கட்டத்துக்குள் இருக்கின்றன; ஐந்து நட்சத்திரமும் வெற்றாகத்தான் நிற்கின்றன. திரை மங்குவதற்குள்—